பக்கத்து வீட்டுக்காரர் தயாராக இல்லை

டாமரக் மாவட்டத்தில் மழைத்தண்ணீர் எந்த வழியாகப் போக வேண்டும் என்பதை மக்கள் ஓட்டுப் போட்டுத் தீர்மானிக்கிறார்கள். மிஷிகனில் ஏற்பாடு அப்படி. அதிபருக்கு ஒரு ஓட்டு, செனட்டருக்கு ஒரு ஓட்டு, பிறகு அதே சீட்டின் பின்பக்கத்தில், பாதிப் பேர் பேனாவை மூடிவிட்டுக் கிளம்பிய பிறகு வருகிற மூலையில், மாவட்ட வடிகால் ஆணையருக்கு ஒரு ஓட்டு. தண்ணீருக்கு இதெல்லாம் தெரியாது. அது பாட்டுக்குப் பள்ளத்தைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தது. பள்ளத்தில், வீடுகளுக்கு அடியில், மக்களின் பேஸ்மென்ட்டுகள் இருந்தன.

ஹெரால்ட் ப்ரூக்மா என்பவர் அந்தப் பதவியில் நீண்ட காலம் வீற்றிருந்தார். அவர் தம் பதவிக்காலத்தில் இரண்டு தடவை வடிகாலுக்குள் இறங்கியதாக ஆவணங்கள் சொல்கின்றன. அதில் ஒன்று தவறி விழுந்தது. ஆனாலும் ஒவ்வொரு தேர்தலிலும் ஜெயித்தார். வடிகால் ஆணையர் என்றதும் ஜனங்களின் மனக்கண்ணில் வருகிற உருவம் அவருடையதாகவே இருந்தது: வெள்ளைத் தலை, சிவந்த முகம், பெல்ட்டுக்கு மேலே கௌரவமான ஒரு தொப்பை. இந்த வருஷம் மூட்டுவலியை முன்னிட்டு அவர் ஃப்ளோரிடாவுக்குக் குடிபெயர்ந்தார்.

அவருக்குக் கீழே பொறியாளராக இருந்தவள் வெர்னிட்டா மோப்ளி. ஹெரால்ட் விழாத வடிகால்களிலெல்லாம் இறங்கியவள். ஒவ்வொரு ஏப்ரலிலும் ஊர் ஏன் மூழ்குகிறது என்று அவளுக்குத் தெரியும். கட்லர் சாலைக்கு அடியில் போகிற பெரிய குழாய், அந்தப் பக்கமெல்லாம் சோளக்காடாக இருந்த காலத்தில் போட்டது. இப்போது அங்கே மூன்று குடியிருப்புகள் வந்துவிட்டன. குழாய் மட்டும் இன்னும் சோளத்துக்குத்தான் வேலை செய்துகொண்டிருந்தது. அதை மாற்ற வேண்டும் என்று அவள் ஹெரால்டிடம் வருஷா வருஷம் சொன்னாள். அவரும் வருஷா வருஷம், "அடுத்த வருஷம்" என்றார்.

ஆகவே தானே நிற்பது என்று முடிவு செய்தாள். ஆணையரானால் முதல் கையெழுத்து அந்தக் குழாய்க்கு. அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

அவளும் அவள் கணவன் கர்ட்டிஸும் ஊர்க்கோடியில் இருந்தார்கள். வீட்டுக்கு ஒரு பக்கம் சோளக்காடு, மறு பக்கம் மாவட்டத்தின் மழைநீர்க் குட்டை. கேட்க ஆளில்லை என்ற தைரியத்தில் கர்ட்டிஸ் சாயங்காலங்களில் பின்வாசல் படியில் உட்கார்ந்து சாக்ஸஃபோன் ஊதுவான். வாசிப்பு என்று சொன்னால் அவனே சிரிப்பான்.

"நிக்கப்போறியா? இந்த ஊர்லயா?" என்றான் அவன்.

"வடிகாலுக்குத்தானே கர்ட்டிஸ். சாக்கடைக்குப் போய் யாரு நிறம் பாக்கப்போறா?"

கர்ட்டிஸ் சாக்ஸஃபோனை வாயில் வைத்து அடித்தொண்டையில் நீளமாக ஒரே ஒரு சுரம் ஊதினான்.

*

அவள் கட்சியின் மாவட்ட அலுவலகம் ஒரு பீட்சாக் கடைக்கும் நகப்பூச்சுக் கடைக்கும் நடுவில் இருந்தது. தலைவி மார்ஜ் வான்டர்வீன் அம்மாள். அவர் வீட்டுப் புல்வெளியில் 'இங்கே எல்லோருக்கும் நல்வரவு' என்று பல மொழிகளில் எழுதிய பலகை நின்றது. அவற்றில் சில மொழிகளைப் பேசுகிறவர்கள் அந்த மாவட்டத்திலேயே கிடையாது. வெர்னிட்டாவைப் பார்த்ததும் அவர் கண்கலங்கிக் கட்டிக்கொண்டார்.

"இந்த நாளுக்காகத்தான் கண்ணு நான் இத்தனை வருஷம் காத்திருந்தேன்!" என்றார். "உனக்காகத் தலைநகர் லான்சிங்லேருந்து ஒரு ஆலோசகரை வரவழைச்சிருக்கேன்."

ஆலோசகன் பெயர் ப்ரெண்ட் கிம்பல். எந்தப் பருவத்திலும் கையில்லாத பஞ்சு மேல்சட்டை போட்டுக்கொண்டு, எந்த வாக்கியத்தையும் 'தரவு என்ன சொல்லுதுன்னா' என்று ஆரம்பிக்கும் இளைஞன். வந்த வாரமே ஒரு கருத்துக்கணிப்பு எடுத்து முடித்துவிட்டான்.

"முதல்ல நல்ல சேதி," என்றான். "தகுதியுள்ள ஒரு கறுப்பினப் பெண் வடிகால் ஆணையரா நின்னா ஓட்டுப் போடுவீங்களான்னு கேட்டோம். பத்துக்கு ஒன்பது பேர் கண்டிப்பான்னுட்டாங்க. சில பேர் கேள்வியே முடியல, அதுக்குள்ள சொல்லிட்டாங்க. ஒருத்தர் ஃபோன்ல அழுதுட்டார்."

"கெட்ட சேதி?"

"அடுத்த கேள்வி. உங்க பக்கத்து வீட்டுக்காரர் போடுவாரா? பத்துக்கு எட்டு பேர் மாட்டார்னு சொல்றாங்க."

வெர்னிட்டா கொஞ்சம் யோசித்தாள். பொறியாளர்களுக்கு அந்தக் கெட்ட பழக்கம் உண்டு.

"அந்தப் பக்கத்து வீட்டுக்காரருக்கும் ஃபோன் பண்ணியிருப்பீங்கல்ல? அவரும் இந்தப் பத்துல ஒருத்தர்தானே?"

"பண்ணினோமே. அவர் போடுவாராம். அவரோட பக்கத்து வீட்டுக்காரர்தான் மாட்டாராம்."

"அவருக்கும் பண்ணினீங்களா?"

"அவரும் போடுவார். தரவு ரொம்பத் தெளிவா இருக்கு வெர்னிட்டா. ஜனங்க தயார். பக்கத்து வீட்டுக்காரர் தயாரா இல்ல."

"நான் எவ்வளவோ காலமா இதைத்தானே சொல்றேன்!" என்றார் மார்ஜ். "நாம தயாராத்தான் இருக்கோம். மத்தவங்க தயாரா இல்லையே."

"யாரு அந்த மத்தவங்க?"

"நாம இல்லாதவங்க, கண்ணு."

இவ்வாறாக, அன்று மாலை கூடிய குழு ஒருமனதாகத் தீர்மானித்தது: நமக்கு ஏற்கெனவே ஓட்டுப் போடுவதாக உறுதி கூறியுள்ள மக்களைப் பற்றிக் கவலைப்படத் தேவையில்லை. பிரச்சாரம் முழுவதையும் பக்கத்து வீட்டுக்காரர் ஒருவரை முன்னிட்டே வகுக்க வேண்டும். அவரை யாரும் நேரில் பார்த்ததில்லை என்பது ஒரு குறையாகக் கருதப்படவில்லை.

*

முதலில் குரல். ஓர் அறையில் பத்துப் பன்னிரண்டு பேரை உட்காரவைத்து ஆளுக்கு ஒரு திருகுக் குமிழ் கொடுத்தார்கள். வேட்பாளர் பேசுவது பிடித்தால் வலது பக்கம் திருக வேண்டும், பிடிக்காவிட்டால் இடது பக்கம். தனக்காகத் திருகக் கூடாது, பக்கத்து வீட்டுக்காரருக்காகத் திருக வேண்டும் என்று ப்ரெண்ட் அவர்களுக்கு விளக்கியிருந்தான். அவர்கள் பெரும் நிம்மதியுடன் சம்மதித்தார்கள்.

வெர்னிட்டா, "ஏப்ரலுக்குள்ள இந்தக் குழாயை மாத்தலேன்னா திரும்பவும் வெள்ளம் வரும்" என்றாள். எல்லாத் திருகும் இடது பக்கம் போயிற்று. 'மிரட்டும் தொனி' என்று அறிக்கை வந்தது.

"சிரிச்சுக்கிட்டே சொல்லிப் பாருங்களேன்," என்றான் ப்ரெண்ட்.

சிரித்துக்கொண்டே சொன்னாள். 'வெள்ளம் வருவதில் மகிழ்ச்சியடைகிறார்' என்று அடுத்த அறிக்கை வந்தது.

"ரஸ் ஓல்மன் என்ன சொன்னார்?" என்று கேட்டாள் வெர்னிட்டா. ரஸ் ஓல்மன்தான் எதிர்த்து நிற்பவர். ஏரிக்கரையில் படகுக் கடை வைத்திருப்பவர்.

"அவர், 'தண்ணி வலிமையானது, நாமளும் வலிமையா இருக்கணும்'னார். ஒரு திருகு வலது பக்கம் திரும்பி உடைஞ்சே போச்சு."

"அதுக்கு என்ன அர்த்தம்?"

"அர்த்தம் தேட வச்சு அவர் யாரையும் சங்கடப்படுத்தல. அதுதான் விஷயம்."

ரஸ்ஸுக்கு இன்னொரு பலமும் இருந்தது. இவரோடு உட்கார்ந்து ஒரு பீர் குடிக்கலாம் என்று ஜனங்கள் சொன்னார்கள். அந்த நாட்டில் எந்தப் பதவிக்கும் அடிப்படைத் தகுதி அதுதான். உண்மையில் ரஸ் பீரைத் தொடாதவர். அவர் போகிற தேவாலயத்தில் அது பாவம். கர்ட்டிஸ் வீட்டிலோ வாரக்கடைசியில் ஒரு பெட்டி பீர் காலியாகும், வெர்னிட்டாவும் கூட உட்காருவாள். ஆனால் ரஸ் பீர் குடித்தால் எப்படி இருக்கும் என்று எல்லாராலும் கற்பனை செய்ய முடிந்தது. வெர்னிட்டா கையில் கோப்பையோடு இருப்பதைக் கற்பனை செய்தவர்கள், அவளுக்கு அந்தப் பழக்கம் எவ்வளவு நாளாக இருக்கிறது என்று கவலையோடு விசாரித்தார்கள்.

பிறகு தலைமுடி. அவளுடைய சுருட்டை முடியை அப்படியே விட்டால், 'முடிக்கென்று தனியாக ஏதோ கருத்து இருப்பதாகத் தோன்றுகிறது' என்றது அறிக்கை. அழகு நிலையத்தில் அரை நாள் உட்கார்ந்து நேராக்கிக்கொண்டு வந்தாள். 'எதையோ மறைக்கிறார்.' கட்டட வேலைக்கான தலைக்கவசத்தை மாட்டி முடியையே மூடினாள். 'ஆம்பளைத்தனம்.' தலைக்கவசத்தைக் கழற்றினாள். 'இந்த அம்மாவுக்குக் கள அனுபவம் உண்டா?'

பிறகு குடும்பப் படம். ஆறடிக்கு மேல் உயரமான கர்ட்டிஸைப் பக்கத்தில் நிறுத்தி ஒரு படம் எடுத்தார்கள். ப்ரெண்ட் அதைப் பார்த்துவிட்டு ரொம்ப நேரம் தாடையைத் தடவினான்.

"எனக்கு ஒண்ணுமில்ல. அருமையான மனுஷன். ஆனா பக்கத்து வீட்டுக்காரர் இதைப் பாத்தா... ரெண்டு பேரா இருக்காங்களேன்னு நினைப்பார்."

"புருஷன் பொண்டாட்டின்னா ரெண்டு பேராத்தானே இருப்போம்?"

"அதில்ல, *ரெண்டு பேர்*."

கர்ட்டிஸை எடுத்துவிட்டுத் தனியாக ஒரு படம். 'புருஷன் எங்கே? வீட்டில் ராத்திரிச் சாப்பாடு யார் செய்கிறார்கள்?' என்று பக்கத்து வீட்டுக்காரர் கேட்பதாகத் திருகுகள் தெரிவித்தன. கடைசியில் ப்ரெண்ட்டுக்குத்தான் யோசனை வந்தது. மார்ஜ் அம்மாளின் நாயை வாங்கிவந்து அவள் பக்கத்தில் உட்காரவைத்தான். தேன் நிறத்தில், பளபளவென்று, யாருக்கும் அந்நியமாகத் தோன்றாத நாய். பெயர் பிஸ்கட். எல்லாத் திருகும் வலது பக்கம் திரும்பின.

அன்று மாலை கர்ட்டிஸ் படத்தை வாங்கிப் பார்த்தான்.

"என்னை எடுத்துட்டு நாயைப் போட்டுட்டானா?"

"நாய்க்கு மார்க் ஜாஸ்தி."

"அது மார்ஜோட நாய் வெர்ன். நம்மளைப் பாத்தாலே குரைக்கும்."

"ஃபோட்டோல குரைக்கிறது தெரியாதாம்."

"சரி கமிஷனர் அம்மா," என்றான் கர்ட்டிஸ். "ஜெயிச்சதும் எனக்கு ஏதாவது வேலை இருந்தா சொல்லு. பிஸ்கட்டுக்கு உதவியாளராவாச்சும் சேந்துக்கறேன்."

வெர்னிட்டா சிரித்தாள். பிறகு, அந்தச் சிரிப்பு எவ்வளவு அகலமாக இருந்தது என்று தானே அளந்து பார்த்துக்கொண்டிருப்பதைக் கவனித்தாள். குழாய்க்காக, என்று சொல்லிக்கொண்டாள்.

*

துண்டுப் பிரசுரம் அச்சாகி வந்தபோது அதில் அவள் முகம் பாலில் தோய்த்த ரொட்டி மாதிரி இருந்தது.

"வெளிச்சம் கொஞ்சம் தூக்கலா வந்துடுச்சு. அச்சகத்துல அப்படி ஆகும்," என்றான் ப்ரெண்ட்.

அதே நாளில் ரஸ் ஓல்மன் தரப்புப் பிரசுரமும் வீடு வீடாகப் போயிற்று. அதே படம்தான். நாயை மட்டும் வெட்டியிருந்தார்கள். அந்த அச்சகத்தில் வெளிச்சம் வேறு விதமாக நடந்துகொண்டிருந்தது; வெர்னிட்டாவின் முகம் நடுநிசி மாதிரி இருந்தது, கண்ணும் பல்லும் மட்டும் தெரிந்தன. மேலே, 'இவரிடம் உங்கள் பேஸ்மென்ட்டை ஒப்படைப்பீர்களா?' என்று கேட்டிருந்தார்கள். உண்மையான நிறத்தில் ஒரு வெர்னிட்டா இருப்பதாக எந்தத் தரப்பும் மக்களுக்குத் தெரிவிக்கவில்லை.

உயர்நிலைப் பள்ளி உடற்பயிற்சிக் கூடத்தில் ஒரு விவாதம் நடந்தது. உள்ளூர் வானொலிக்காரர் நடத்தினார். ரஸ்ஸிடம், மாவட்டத்தின் வடிகால்களைப் பற்றி உங்கள் தொலைநோக்கு என்ன என்று கேட்டார். ரஸ், தண்ணீர் வலிமையானது என்றார். கைதட்டல் கூரையைத் தொட்டது. பிறகு வானொலிக்காரர் வெர்னிட்டாவின் பக்கம் திரும்பிக் கனிவோடு, "ஒரு தாயா, குடும்பத்தையும் வடிகாலையும் எப்படி ஒரே நேரத்துல கவனிப்பீங்க?" என்று கேட்டார்.

"என் பையன் டெட்ராய்ட்ல தீயணைப்பு வீரரா இருக்கான் சார். அவனுக்கே ரெண்டு குழந்தைங்க."

"ஓ! அப்ப பாட்டியும்கூட!" என்றார் வானொலிக்காரர். நேரம் முடிந்துவிட்டது. மறுநாள் பத்திரிகையில் அவள் காலணியைப் பற்றி நல்லவிதமாக எழுதியிருந்தார்கள்.

*

தேர்தலுக்குக் கொஞ்ச நாள் முன்பு வெர்னிட்டாவுக்குப் பொறுமை போயிற்று. எந்தக் குழாய் அடைத்தாலும், மேட்டிலிருந்து ஒவ்வொரு வாயாகத் திறந்து பார்த்துக்கொண்டே போனால் அடைப்பு எங்கே என்று தெரிந்துவிடும். இத்தனை வருஷமாக அவள் செய்துவந்த வேலை அது. அதே முறையில் அந்தப் பக்கத்து வீட்டுக்காரரையும் தேடிப் பிடித்து, அவரிடம் நேரில் ஒரு வார்த்தை பேசிவிடுவது என்று கிளம்பினாள்.

வில்லோ வட்டத்தைத் தேர்ந்தெடுத்தாள். முட்டுத்தெரு, கடைசியில் வட்டமாக முடியும், வட்டத்தைச் சுற்றி ஐந்து வீடுகள். ஏப்ரலில் எல்லாருக்கும் முதலாக மூழ்குவது அதுதான். மார்ஜ் அம்மாளின் வீடு முதல் வீடு. பிஸ்கட் ஜன்னலிலிருந்து அவளைப் பார்த்துக் குரைத்தது.

"இந்தத் தெருவுல எனக்கு யாரு போட மாட்டாங்க மார்ஜ்? பேரைச் சொல்லுங்க. நான் போய்ப் பேசிட்டு வர்றேன்."

மார்ஜ் குரலைத் தாழ்த்தினார். "நான் சொன்னேன்னு சொல்லாதே. அடுத்த வீடு. கேரி. லாரி ஓட்டுற ஆளு. கொடியெல்லாம் கட்டியிருக்கான் பாரு."

கேரி கதவைத் திறந்து அவளைக் கூர்ந்து பார்த்தார். "நாய்க்காரம்மாதானே நீங்க? வாங்க, வாங்க. உங்களுக்குத்தான் என் ஓட்டு. எதிர்த்து நிக்குதே இன்னொரு அம்மா, அதைப் பாத்தா எனக்கு நெஞ்சு பதறுது."

"எந்த அம்மா?"

கேரி குப்பைக்கூடையிலிருந்து ரஸ்ஸின் பிரசுரத்தை எடுத்துக் காட்டினார்.

"அதுவும் நான்தான்."

கேரி இரண்டு பிரசுரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, அவளையும் ஒரு தடவை பார்த்தார். "நடுவுல ஒண்ணா? சரி, எனக்கு அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா. என் லாரிக்கம்பெனில எல்லாரும்தான் இருக்கோம். ஆனா அடுத்த வீட்டுல டோனாவும் அவ புருஷனும்... சர்ச்சு ஆளுங்க. பொம்பளை தலைமைக்கு வரக் கூடாதும்பாங்க."

டோனா அவளுக்கு ஆப்பிள் ரொட்டி கொடுத்தாள். "பொம்பளைங்க வந்தாத்தான் இந்த நாடு உருப்படும். என் வீட்டுக்காரர் சர்ச்சில பேசறது சர்ச்சோட சரி. வீட்டுல நான்தான் தலைமை. ஆனா பாருங்க, பக்கத்துல அந்தச் சின்னஞ்சிறுசுங்க, யோகா பண்றதுங்க. அதுங்களுக்கு நீங்க ரொம்பப் பழைய ஆளாத் தெரிவீங்க."

யோகா பண்ணுகிற தம்பதிகள் அவளை உட்காரவைத்து, அவளுக்கு நேர்ந்த வரலாற்றுத் துன்பங்களுக்காக மன்னிப்புக் கேட்டார்கள். முடிக்கக் கொஞ்ச நேரமாயிற்று. நடுவில் ஒரு தடவை அவளே அவர்களைத் தேற்ற வேண்டியிருந்தது. "நாங்க உங்ககூட இருக்கோம்," என்றான் கணவன். "கவலை என்னன்னா, அடுத்த வீட்டு டாக்டர். குடியேறி வந்தவங்க சில சமயம், தப்பா எடுத்துக்காதீங்க, கொஞ்சம் பழமைவாதிங்க."

அடுத்த வீட்டில் டாக்டர் சபாநாயகம், மூட்டு அறுவைச் சிகிச்சை நிபுணர். ஹெரால்டின் முழங்காலைக் கவனித்தவர். "வாங்க மேடம், உள்ள வாங்க! காபி சாப்பிடறீங்களா? நிறமா? எங்க ஊர்ல அந்தப் பேச்சே கிடையாது. எல்லாரும் ஒண்ணுதான்," என்று கையை விரித்தார். சமையலறையில் அவர் மனைவி ஃபோனில் தம்பிக்குப் பார்த்திருக்கும் பெண்ணைப் பற்றி, "மாநிறம்னா எந்த மாதிரி மாநிறம்? நல்லா விசாரிச்சியா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். தமிழில் கேட்டதால் வெர்னிட்டாவுக்குப் புரியவில்லை. நமக்குப் புரிகிறது, அதற்கு ஒன்றும் செய்ய முடியாது.

"அப்ப இந்தத் தெருவுல யாருதான் டாக்டர் போட மாட்டாங்க?"

டாக்டர் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டுத் திரையை இழுத்து மூடினார். "உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன், மனசுல வச்சுக்குங்க. பக்கத்து வீட்டு மார்ஜ் அம்மா. பலகையெல்லாம் நட்டு வச்சிருக்காங்க. ஆனா நாங்க குடிவந்து எத்தனையோ வருஷமாச்சு. அந்த நாய் இன்னும் எங்களைப் பாத்துக் குரைக்குது."

வட்டம் முடிந்துவிட்டது. வெர்னிட்டா தெரு நடுவில், எல்லா வீட்டுத் தண்ணீரும் வந்து இறங்குகிற இரும்பு மூடியின் மேல் நின்றாள். ஐந்து வீட்டுத் திரைகளும் லேசாக அசைந்தன. ஐந்து பேரும் அவளுக்காக உண்மையாகவே கவலைப்பட்டுக்கொண்டிருந்தார்கள்.

ப்ரெண்ட்டை ஃபோனில் கூப்பிட்டாள். "அப்படி ஒரு ஆளே இல்ல ப்ரெண்ட். முழுசா சுத்திட்டேன்."

"பிரமாதம்!" என்றான் ப்ரெண்ட். "அப்ப அவர் அடுத்த தெருவுல இருக்கார்."

*

நவம்பரில் ரஸ் ஓல்மன் பெருவாரியாக ஜெயித்தார். வில்லோ வட்டம் சேர்ந்த வாக்குச்சாவடியில் வெர்னிட்டாவுக்கு விழுந்த ஓட்டு மிகக் குறைவு. சீட்டில் பெயர் இல்லாதவருக்கும் கையால் எழுதி ஓட்டுப் போடலாம் என்று ஒரு வசதி உண்டு. அந்த வகையில் பிஸ்கட்டுக்குச் சில ஓட்டுகள் கிடைத்திருந்தன.

ப்ரெண்ட் தன் அறிக்கையில், உத்தி முழு வெற்றி, தேர்தல் மட்டுமே தோல்வி என்று எழுதிவிட்டு லான்சிங் போய்ச் சேர்ந்தான். மார்ஜ் அம்மாள் சூரை மீனும் நூடுல்ஸும் சீஸும் சேர்த்துச் சுட்ட ஒரு தட்டை எடுத்துக்கொண்டு துக்கம் விசாரிக்க வந்தார். வாசலிலேயே அழுதார்.

"மாவட்டம் இன்னும் தயாராகல கண்ணு. என்னால தாங்கவே முடியல."

"நீங்க யாருக்கு மார்ஜ் போட்டீங்க?"

மார்ஜ் கைக்குட்டையை மடித்தார். "நான் உனக்குத்தான் போட இருந்தேன். ஆனா கேரி போட மாட்டான், டோனா போட மாட்டா, அந்த டாக்டரும் மாட்டார். ரஸ்தான் வரப்போறார்னு தெரிஞ்சு போச்சு. அவருக்குப் போட்டிருந்தாத்தானே நாளைக்கு உன் குழாயைப் பத்தி அவர்கிட்ட உரிமையோட பேச முடியும்? யோசிச்சுப் பாரு. உனக்காகத்தான் போட்டேன்."

மற்ற நான்கு வீட்டிலும் ஏறக்குறைய இதே பதில்தான் கிடைத்தது. ஆக, இருக்கவே இல்லாத பக்கத்து வீட்டுக்காரரின் விருப்பம் ஐந்து வீட்டாராலும் ஒரு குறையுமின்றி நிறைவேற்றப்பட்டிருந்தது.

ரஸ் நல்ல மனிதர். பதவியேற்றதும் வெர்னிட்டாவைக் கூப்பிட்டு, "உங்களை நம்பித்தான் இருக்கேன்மா" என்றார். அவள் கட்லர் சாலைக் குழாயின் வரைபடத்தை விரித்தாள். அவர் அதைத் தலைகீழாகப் பார்த்து, அடுத்த வருஷம் என்றார்.

ஏப்ரலில் மழை வந்தது. கட்லர் சாலைக் குழாய் சோளத்துக்குப் போதுமான தண்ணீரை விழுங்கிவிட்டு மிச்சத்தைத் திருப்பி அனுப்பியது. வில்லோ வட்டத்தில் ஐந்து பேஸ்மென்ட்டும் கழுத்தளவு நிரம்பின. வெர்னிட்டா இடுப்பளவு ரப்பர் காலணியோடு பம்பை இழுத்துக்கொண்டு போனபோது, ஒவ்வொருவரும் தம் வீட்டில் தவறு எதுவும் இல்லை என்றும், தண்ணீர் பக்கத்து வீட்டிலிருந்துதான் வந்தது என்றும் எடுத்துச் சொன்னார்கள். அந்த வாரம் ஓல்மன் படகுக் கடையில் ஒரு படகுகூட மிச்சமில்லை.

*

கோடையில் பள்ளி வாரிய இடைத்தேர்தல் வந்தது. ஒரு சனிக்கிழமை சாயங்காலம் வெர்னிட்டா வீட்டுக் கதவைத் தட்டி ஓர் இளம்பெண் நின்றாள். தலையில் பச்சை நிற முக்காடு, கையில் துண்டுப் பிரசுரக் கட்டு. பெயர் ஹனான் சயீதி. உயர்நிலைப் பள்ளியில் கணக்கு டீச்சர். பின்வாசலில் கர்ட்டிஸ் ஊதிக்கொண்டிருந்தான்.

"வாரியத்துக்கு நிக்கறேன் மேடம். பழைய பஸ்ஸுங்களை மாத்தணும். குளிர்காலத்துல பாதி வழியில நின்னுடுது, பிள்ளைங்க பனியில நிக்குதுங்க. உங்க ஆதரவு வேணும்."

வெர்னிட்டாவுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. அவள் கையைப் பிடித்து உள்ளே கூப்பிட்டாள், தண்ணீர் கொடுத்தாள், பிரசுரத்தை வாங்கி முழுவதும் படித்தாள். பஸ் கணக்கு சரியாக இருந்தது. பெண் கெட்டிக்காரி.

"உன்னை மாதிரி ஒரு ஆளுக்காகத்தான் நான் இத்தனை நாள் காத்திருந்தேன்," என்றாள். "என் ஓட்டு உனக்குத்தான்மா. அதுல சந்தேகமே வேண்டாம். ஆனா இந்தப் படம்... கொஞ்சம் சிரிச்ச மாதிரி எடுத்திருக்கலாம். ரொம்பவும் சிரிக்காதே. தலையில போட்டிருக்கியே, அதுகூட ஏதாவது வெளிர் நிறத்துல... எனக்கு ஒண்ணுமில்ல, எனக்கு இது அழகாத்தான் இருக்கு. பக்கத்தில ஒரு நாய் இருந்தா நல்லது."

"நாயா?"

"உன் நல்லதுக்குத்தான் சொல்றேன். நாங்கல்லாம் தயாராத்தான் இருக்கோம். இந்தப் பக்கத்து வீட்டுக்காரங்க இருக்காங்களே, அவங்கதான்..."

ஹனான் பொறுமையாகத் தலையாட்டினாள். எத்தனையோ வாசலில் இதைக் கேட்டுப் பழகியவள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு படியிறங்கினாள். முற்றத்தில் நின்று ஒரு பக்கம் பார்த்தாள். சோளக்காடு ஆளுயரம் வளர்ந்திருந்தது. மறு பக்கம் பார்த்தாள். குட்டையில் காட்டு வாத்துகள் நீந்திக்கொண்டிருந்தன.

"எந்த வீடு மேடம்?" என்று கேட்டாள். "போற வழியில அவங்களையும் பாத்துப் பேசிட்டுப் போறேன்."

பின்வாசலில் சாக்ஸஃபோன் சட்டென்று நின்றது.

வெர்னிட்டா வழி காட்டக் கையைத் தூக்கிவிட்டாள். எந்தப் பக்கம் நீட்டுவது என்றுதான் தெரியவில்லை.